ஞாயிறு ஷிப்டு, மீன் ஏலம், கன்டெய்னர் லோடு: ஓய்வுநாளை எப்படி வைப்பது?

தண்டையார்பேட்டை தீமோத்தேயு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வேலைக்குப் போகிறவர்களின் ஐக்கியத்துக்காக, ஓய்வுநாளைப் பற்றி ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். வருகிறவர்கள் மூன்று வகை. மணலி, எண்ணூர் ஆலைகளில் ஏ (காலை), பி (இரவு 10-க்கு முடிவது), சி (இரவு முழுக்க, காலை 6-க்கு முடிவது) என்று ஷிப்டு மாறுகிறவர்கள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிற அக்காமார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டும் டிரைவர்கள். மூன்று பேருக்குமே ஞாயிறு லீவு நிச்சயமில்லை. மீன்காரர்களுக்கோ வாரத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான்.

கேள்வி இரண்டு. ஞாயிறு வேலைக்குப் போவது, பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைச் சொல்லும் நாலாம் கட்டளையை மீறுவதா? இல்லையென்றால், ஓய்வை எந்தக் கிழமையில், எப்படி வைப்பது? "கர்த்தருக்குள் இளைப்பாறுங்கள்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், நேரம் கிழமை சொல்லி எழுதினால் உதவும்.

ராயபுரம் பர்னபா:

பிரதர், முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் இரண்டிலும் வேறு. யாத்திராகமம் 20-இல், தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-இல், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பது. அங்கேதான் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும் என்றும் வருகிறது. ஷிப்டு சீட்டு போடும் அதிகாரம் கையில் இல்லாதவனுக்குப் பரிந்து பேசும் கட்டளை இது. அவன் தலையிலேயே குற்றத்தை வைப்பது தலைகீழ். நாளைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும், ஓய்வுநாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்தவேண்டாம் என்கிற புதிய ஏற்பாட்டு வசனங்கள் ரோமர் 14:5, கொலோசெயர் 2:16 இரண்டையும் தாளில் போடுங்கள்.

சரித்திரமும் கொஞ்சம். ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறையானது கி.பி. 321-இல், கான்ஸ்டன்டைன் ஆணையால். அதிலும் பயிர் செய்கிறவர்களுக்கு விலக்கு இருந்தது. அதுவரைக்கும் விசுவாசிகள் ஞாயிறும் வேலைக்குப் போனவர்கள்தான். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள் என்கிறார். பகலில் எஜமான் வீட்டு வேலை இருக்கிறவர்களுக்கு வேறு நேரம் ஏது?

இப்போது ஷிப்டு விஷயம். நிறைய பேர் தப்பு பண்ணுகிற இடம் ஒன்று உண்டு. சி ஷிப்டு முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வந்த நாளையே "இன்றைக்கு லீவு" என்று எண்ணிக்கொள்வார்கள். பாதிப் பகல் தூக்கத்தில் போய்விடும், மீதி நேரம் தலை கனக்கும். அது தூக்கக் கடனை அடைக்கிற நாள், ஓய்வுநாள் கணக்கில் வராது. லேவியராகமம் 23:32-இல் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் என்று இருக்கிறது அல்லவா, அந்த முறையைப் பிடியுங்கள். நள்ளிரவிலிருந்து எண்ணாமல் வேலை முடிந்த நேரத்திலிருந்து முழுசாக 24 மணி நேரம் எண்ணவேண்டும். வார லீவு புதன், செவ்வாய் பி ஷிப்டு என்றால், செவ்வாய் இரவு 10 முதல் புதன் இரவு 10 வரை. சி ஷிப்டு முடித்து வந்த நாள் என்றால் காலையில் தூங்கி எழுந்து, மாலை 6 மணியிலிருந்து தொடங்குங்கள்.

சனி இரவு சி ஷிப்டு பார்த்தவர், ஞாயிறு நேராக எட்டரை ஆராதனைக்கு வந்து, அப்படியே ஞாயிறு பள்ளி, மதியச் சாப்பாடு என்று இழுத்து, 2 மணிக்குப் படுத்தால் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் குலையும். அவர் 7 மணிக்கே படுத்து மதியம் 1 மணிக்கு எழுந்து மாலை ஆராதனைக்கு வரட்டும். கடைசி டீயை இரவு 1 மணிக்குள் முடித்துவிட வேண்டும்; படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்குள் குடித்தால் தூக்கத்தைக் கெடுக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் சைலன்ட். காலை ஆராதனைக்கு வரவில்லை என்று வீட்டுக்கு விசாரிக்கப் போகிற மூப்பர்கள் ஒரு மணிக்கு மேல் போகட்டும்!

சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஞாயிறு வேலை வாங்கினால், அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் ஒரு முழு நாள் லீவு தரவேண்டும் என்று இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய தொகுப்பிலும், வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்பது இருக்கிறது. காண்டிராக்ட் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பெரம்பூர் எசேக்கியேல்:

பர்னபா அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஆமென். "எந்த நாளும் சரி" என்று தாளில் அச்சடித்தால் என்ன நடக்கும் என்றும் யோசியுங்கள். ஒருவர் தனியாகப் புதன்கிழமை ஓய்வார். டி.வி., தூக்கம், மச்சான் வீடு. இரண்டு மாதத்தில் சபை கூடிவருதலையே விட்டுவிடுவார். நாளை மாற்றுகிறவர்களுக்குக் கூடுகையையும் மாற்றித் தரவேண்டும். புதன் மாலை 7 மணிக்கு 40 நிமிஷம், ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபம். மாதம் ஒருதரம் திருவிருந்து. ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள்.

அப்புறம், வேறு வழியில்லாமல் ஞாயிறு போகிறவரையும், லீவு இருந்தும் டபுள் சம்பளத்துக்காக ஓ.டி. கேட்டு வாங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாகக் கிடைத்த மன்னா விஷயத்தில் ஆறாம் நாள் இரண்டு பங்கு கிடைத்திருந்தும் சிலர் ஏழாம் நாள் பொறுக்கப் போனார்கள், ஒன்றும் காணவில்லை (யாத்திராகமம் 16:27). பள்ளிக்கூட பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அது வேறு; மாதம் நாலு ஞாயிறும் ஓ.டி. என்றால் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.

காசிமேடு மரியா:

நான் கத்தோலிக்க சபை. எங்கள் எண்ணிக்கையில் இது மூன்றாம் கட்டளை, அதனால் தாளில் எண் போடும்போது பார்த்துப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் குழம்புவார்கள். திருச்சபைச் சட்டம் 1248-இன்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலி கண்டாலே ஞாயிறு திருப்பலிக் கடமை நிறைவேறும். தக்க காரணம் இருந்தால் விலக்குத் தர பங்குத்தந்தைக்கும் அதிகாரம் உண்டு. ஏலம் எடுக்க இருட்டிலேயே போகிற அக்காமாருக்குச் சனி மாலைதான் சரி.

ஓய்வு நாளுக்குச் செவ்வாய் அல்லது வெள்ளி. அந்த இரண்டு நாளும் கவுச்சி சாப்பிடாத வீடுகள் நிறைய, வியாபாரம் எப்படியும் மந்தம். வெள்ளி என்றால் முதல் நாளே வாடிக்கை வீடுகளில் சொல்லிவிட வேண்டும்: "நாளைக்கு வரமாட்டேன், சனிக்கிழமைக்கு என்ன வேணும்?" சொல்லாமல் நின்றால்தான் அடுத்த கூடைக்காரரிடம் போவார்கள். வியாழன் சரக்கை எப்போதும் எடுப்பதில் முக்கால் பங்காகக் குறைத்து எடுங்கள். மிச்சம் விழுந்தால் ஐஸ் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை அதை விற்கப் போகவேண்டி வரும். ஓய்வு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிஜமான தடை தண்டல், அதாவது தினமும் தவணை கட்டும் வட்டிக் கடன். பத்தாயிரம் என்று எழுதி, பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குவார்கள். ஓய்வு நாளிலும் ஆள் வாசலில் நிற்பான். அதற்கு ஒரே வழி, வேலை செய்கிற ஆறு நாளும் 17 ரூபாய் தனி டப்பாவில் போடுவது. ஏழாம் நாள் தவணை அதில் வந்துவிடும், இரண்டு ரூபாய் மிஞ்சும். வீட்டுச் செலவுக்கும் இதே கணக்கு: நாளுக்கு 300 ரூபாய் ஆகிறது என்றால் ஆறு நாளும் 50. இந்தக் கணக்கை எழுதாமல் "விசுவாசத்தோடு ஓய்ந்திருங்கள்" என்று எழுதினால் யாரும் ஓய மாட்டார்கள்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதை ஓய்வு என்று தாளில் எழுதிவிடாதீர்கள். வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, கடன் கேட்டு அலைவது எல்லாம் அப்போதுதான்.

தண்டையார்பேட்டை தீமோத்தேயு:

அக்கா, தண்டல் கணக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தாளில் முதல் இடம் அதற்குத்தான். டிரைவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மாதக் கடைசி வெள்ளி முழு இரவு ஜெபம் இரவு 10 முதல் 4 வரை. அது முடிந்து நேராக வண்டி எடுக்கிறவர்கள் உண்டு.

வியாசர்பாடி ஷீலா:

அதை நிறுத்துங்கள். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்தவர் ஆகிறார். அந்த நிலையில் ஒருவருடைய கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. குடியை விட்டேன் என்று 3 மணிக்குச் சாட்சி சொன்ன சகோதரர் 4 மணிக்கு நாற்பதடி டிரெய்லரில் ஏறுகிறார் என்றால் சபைக்கும் அதில் பொறுப்பு உண்டு. பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20:9). அங்கே உயிரோடு எழுப்ப பவுல் இருந்தார்.

மறுநாள் டியூட்டி உள்ளவர்கள் 12 மணியோடு எழுந்து போகலாம் என்று மேடையிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரை இருந்தவர்களுக்கு ஆலய ஹாலில் பாய், பேன், கொசுவத்தி. குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கி 10 மணிக்கு மேல் வண்டி. இருபது நிமிஷக் குட்டித் தூக்கமும் ஒரு டீயும் போதும் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது, நம்பாதீர்கள். உபவாசத்தையும் முழு இரவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு அது நேரடி ஆபத்து.

துறைமுக வாசலில் கியூவில் நிற்கிற நேரத்தை ஓய்வாக எண்ணவும் கூடாது. வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கண்ணை மூட முடியாது. இரண்டு டிரைவர் சேர்ந்து முதலாளியிடம் பேசி, ஆளுக்கு ஒரு நாள் மாற்று ஆள் ஏற்பாடு செய்தால்தான் 24 மணி நேரம் கிடைக்கும். தனியாகக் கேட்டால் கிடைக்காது, நாலு பேராகக் கேட்கட்டும்.

இன்னொன்று, இங்கே யாரும் தொடாதது. உபாகமம் 5:14 பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், மாடு, கழுதை, அந்நியன் எல்லாரும் உண்டு. மனைவியைத் தனியாகச் சொல்லவில்லை, ஏனென்றால் "நீ" என்பதில் அவளும் அடக்கம். நம் வீடுகளில் அதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள். ஐயா ஓய்ந்திருக்கும் நாளில்தான் பிரியாணி, விருந்தாளி, ஒரு வாரத் துணி. சுடவேண்டியதைச் சுட்டு வேவிக்கவேண்டியதை வேவியுங்கள் என்று மோசே முந்தின நாளுக்குத்தான் சொன்னார் (யாத்திராகமம் 16:23). மீன்குழம்பை முந்தின ராத்திரி வைத்தால் ருசியும் கூடும். வைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் போய்விட வேண்டும், சூடு ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே விடக் கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் புளிக்காய்ச்சல். குடம் நிரப்புகிற வேலை அன்றைக்கு ஆம்பளைங்களுடையது. தாளில் இதையும் எழுதுங்கள், அடியில் சின்ன எழுத்தில் வேண்டாம்.