முதலாண்டு உளவியல்: எங்கே வழுக்குகிறது, எதைப் பிடித்துக்கொள்ளலாம்

(மொரிஷியஸிலிருந்து எழுதுபவர்கள்; ஒவ்வொருவரும் பெயருக்குப் பதில் தம் ஊரைக் குறித்திருக்கிறார்கள்.)

ரோஸ் ஹில், பயிற்றுநர்

முதலாண்டில் உளவியல் எடுக்கும் பிள்ளைகளை விழவைப்பது பாடத்தின் கடுமை அல்ல, அது எளிதாகத் தெரிவதுதான். வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் தெரியாதது தெரியாததாகவே கண்ணில் படும். உளவியல் புத்தகத்திலோ நினைவு, பயம், பழக்கம், கூட்டம் என்று எல்லாமே வீட்டுச் சொற்கள். இரண்டு முறை வாசித்ததும் 'புரிந்துவிட்டது' என்ற நிறைவு வந்துவிடும். கேள்வித்தாளைப் பார்த்த பிறகுதான் கையில் ஒன்றுமில்லை என்று தெரியவரும்.

இந்த நிறைவு எவ்வளவு பொய் என்பதற்கு எண்ணே இருக்கிறது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒருமுறை படித்த பகுதியைச் சிலர் திரும்ப வாசித்தார்கள். சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால்: 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழாயிற்று: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. முந்தின இரவு வாசித்துவிட்டுத் தெம்பாகத் தூங்கப்போகிற பிள்ளை நம்புவது அந்த முதல் 81ஐ.

ஆகவே செய்ய வேண்டியது: பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த தடவை படிக்க வேண்டியது அந்த நிற வரிகளை மட்டும். எத்தனை நாள் இடைவெளி என்பதற்கும் கணக்கு உண்டு. 2008இல் செபேடா குழுவினர் பார்த்ததில், சோதனை 7 நாளில் என்றால் 1 நாள் இடைவெளியும், 35 நாளில் என்றால் 11 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. தேர்வு தள்ளியிருந்தால் இடைவெளியும் நீளலாம்.

நம் தீவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. புத்தகம் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு கிரியோலில், தொலைக்காட்சி பிரெஞ்சில், கோவிலும் பாட்டியும் தமிழில். கருத்தைக் கிரியோலில் வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். தமிழ் வருபவர்கள் தமிழிலும் செய்யலாம். கலைச்சொல்லை மட்டும் தேர்வு மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் பேச்சுமொழிக்கு மாற்றியதும் அதன் வீட்டுப் பொருள் உள்ளே நுழைந்துவிடும். அது எப்படி நுழைகிறது என்று மற்றவர்கள் எழுதினால் நன்றாயிருக்கும்.

வக்கோவா, இரண்டாமாண்டு மாணவி

அக்கா சொன்ன வீட்டுப் பொருளுக்கு முதல் பலி 'எதிர்மறை வலுவூட்டல்'. பாதிப்பேர் அதைத் தண்டனை என்றே எழுதுகிறார்கள். 'எதிர்மறை' என்றால் கெட்டது என்று மனம் படித்துக்கொள்கிறது. இங்கே அதன் பொருள் கழித்தல் மட்டும்தான்.

இரண்டே கேள்வியில் தீர்த்துவிடலாம். வரிசை முக்கியம். முதலில், நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. பிறகு, எதையாவது கொடுத்தார்களா, எடுத்தார்களா? கொடுத்தால் நேர், எடுத்தால் எதிர். காரில் இருக்கைப் பட்டி போடும்வரை எச்சரிக்கை ஒலி கீச்கீச்சென்று கத்துகிறது; போட்டதும் நிற்கிறது. பட்டி போடும் பழக்கம் கூடுகிறது, தொல்லை எடுக்கப்படுகிறது. ஆகவே எதிர்மறை வலுவூட்டல். பிள்ளையின் கைப்பேசியை ஒரு வாரம் பிடுங்கிவைத்ததில் வம்பு குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை. இரண்டாம் கேள்வியை முதலில் கேட்பவர்கள்தான் குழம்புகிறார்கள்.

நாய்களுக்கு எச்சில் ஊறுவதை வைத்துக் கற்றலை ஆராய்ந்த பாவ்லோவில் இன்னொரு குழி. உணவைக் கண்டு எச்சில் ஊறுவது கற்காதது. உணவோடு சேர்ந்து கேட்டுப் பழகிய மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஓசைக்கு ஊறுவது கற்றது. எச்சில் ஒன்றுதான் என்பதால் இரண்டு துலங்கலும் (தூண்டலுக்கு உடல் தரும் பதில்) ஒன்றென்று எழுதிவிடுகிறார்கள். எது வரவைத்தது என்பதைப் பார்த்துத்தான் பெயர். தோல் பூரிக் (பருப்பு வைத்த நம் ஊர்ப் பூரி) கடை வாசனைக்கு வாய் ஊறுவதை எடுத்துக்காட்டாக எழுதினால் கவனம் தேவை: உணவின் வாசனை தானாகவே ஊறவைக்கக்கூடியது. கடையின் நீலத் தார்ப்பாயைப் பார்த்ததும் ஊறுகிறது என்று எழுதினால் சிக்கலில்லை.

மோக்கா, முதலாண்டு மாணவர்

சமூக உளவியல் பகுதிக்கு ஒரு குறிப்பு. ஆஷின் கோட்டுச் சோதனையில் (எந்தக் கோடு நீளத்தில் ஒத்தது என்று கூடியிருப்பவர்கள் தவறாகச் சொன்னால், உண்மையில் சோதிக்கப்படுபவர் என்ன சொல்வார் என்று பார்ப்பது) 37 விழுக்காட்டினர் கூட்டத்துக்கு இணங்கினார்கள். இதை மனப்பாடம் செய்தால் போதும், கேள்வி எப்படி வந்தாலும் பதில் இருக்கும்.

ரோஸ் ஹில், பயிற்றுநர்

தம்பி, அந்த வரியை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும். 37 விழுக்காடு என்பது ஆட்களின் கணக்கு அல்ல, விடைகளின் கணக்கு. 18 சுற்றுகளில் 12இல் கூட்டத்தார் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூட்டத்தோடு போயிற்று. ஆட்கள் என்று பார்த்தால் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையாவது இணங்கினார்கள், நான்கில் ஒருவர் ஒருமுறைகூட இணங்கவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான விடைகள் சரியாகவே இருந்தன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் சோதனை சொன்னது முழுமையாகும்.

கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராமிலும் இதே கவனம் வேண்டும் (அதிர்ச்சி உண்மையல்ல, கொடுப்பவருக்கு அது தெரியாது). 1963இல் வந்த முதல் வடிவத்தில் 40 ஆண்கள், 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், 65 விழுக்காடு. 300 வோல்ட்டுக்கு முன் எவரும் நிறுத்தவில்லை. ஆனால் அவர் பல வடிவங்களில் செய்தார். இடம், தூரம், கட்டளையிடுபவர் மாறியபோது எண்ணும் பெரிதாக மாறியது. 65ஐ மனித இயல்பின் நிலையான அளவு போல எழுதக்கூடாது.

காத்ர் போர்ன், ஆய்வு முறைகள் கற்பிப்பவர்

ஆய்வு முறை அத்தியாயத்தைப் பிள்ளைகள் வறட்சி என்று ஒதுக்குகிறார்கள். நம் ஊரிலேயே நடந்த ஆய்வுகளை வைத்துப் படித்தால் அது உயிர்பெறும். மூன்று அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி வாசிப்பதைவிட நாமே நடந்த தெருவைப் பற்றி வாசிப்பது மனத்தில் ஒட்டும்.

முதலாவது காவடி. 2013இல் ஜிகலாடாஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மொரிஷியஸ் தைப்பூசத்தை ஒட்டியது. மூன்று வகையினர்: கோவிலில் கூட்டுப் பிரார்த்தனை செய்தவர்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், காவடிக்காரரோடு கூட நடந்தவர்கள். கலந்துகொண்டதற்காக ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதை யாரும் அறியாமல் கோவிலுக்குக் கொடுக்க வாய்ப்பளித்தார்கள். பிரார்த்தனைக் குழு சராசரியாக 80 ரூபாய்ச் சொச்சம் கொடுத்தது, காவடி எடுத்தவர்கள் 130 சொச்சம், கூட நடந்தவர்கள் 160 சொச்சம். வலி கூடுதல் என்று சொன்னவர்கள் கொடுத்ததும் கூடுதல்.

இப்போது தேர்வுக் கேள்வி: இது சோதனையா? காவடி எடுப்பவரைச் சீட்டுக் குலுக்கி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நேர்ந்துகொண்டவர் எடுக்கிறார், விரதம் இருக்கிறார், குடும்பம் சூழ வருகிறது. ஆகவே இது இயல்பான குழுக்களை ஒப்பிடும் அரைச்சோதனை. கொடை கூடியதற்கு வலிதான் காரணமா, முன்பே இருந்த பக்தியா என்று இதை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. கூட நடந்தவர்களும் அதிகம் கொடுத்ததுதான் இதில் சுவையான பகுதி; உடம்பில் வலி படாதவர்களிடமும் மாற்றம் தெரிகிறது. விடையில் இதற்கு நான்கு வரி ஒதுக்குங்கள்.

இரண்டாவது, மொரிஷியஸ் குழந்தைநல ஆய்வு. 1972இல் தொடங்கியது. காத்ர் போர்ன், வக்கோவா பகுதிகளைச் சேர்ந்த 1795 குழந்தைகளை 3 வயதில் சோதித்து, பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். அக்குழந்தைகளில் 100 பேர் 3 முதல் 5 வயது வரை தனி மழலையர் பள்ளிகளில் சேர்க்கப்பட்டு நல்ல உணவும் உடற்பயிற்சியும் கல்வியும் பெற்றார்கள். 2003இல் வந்த கட்டுரை அவர்களில் 83 பேரை 355 பேரோடு ஒப்பிட்டது: 17, 23 வயதுகளில் சமூக விரோத நடத்தையின் சில அளவுகள் குறைவாக இருந்தன, 3 வயதில் ஊட்டக்குறை இருந்தவர்களிடம் பலன் கூடுதல். இதன் பலவீனத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். உணவு, பயிற்சி, பாடம் மூன்றும் ஒரே பொட்டலமாக வந்ததால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. மாறிகள் கலந்துபோவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

மேலே வக்கோவா மாணவி எழுதிய பாவ்லோவும் இங்கே வருகிறார். 3 வயதில் அக்குழந்தைகளுக்கு இரண்டு ஒலிகள் கேட்கவைத்தார்கள். ஒன்றின் பின்னால் மட்டும் பெருஞ்சத்தம் வரும். விரல் தோலின் மின்கடத்தலை அளந்தால் குழந்தை பயத்தைக் கற்றதா என்று தெரியும். 2010இல் வந்த கட்டுரையில், 23 வயதில் குற்றப் பதிவு இருந்த 137 பேரையும் பதிவு இல்லாத 274 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் குழுவினரிடம் 3 வயதில் அந்தக் கற்றல் தென்படவில்லை. இதைக் குழுச் சராசரியாகத்தான் படிக்க வேண்டும். ஒரு குழந்தையைக் காட்டி 'இவன் குற்றவாளியாவான்' என்று சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. அப்படி எழுதும் விடை தவறு மட்டுமல்ல, அந்தக் குழந்தைக்குத் தீங்கும்கூட.

த்ரியோலே, செய்முறை வகுப்பு நடத்துபவர்

அறிக்கை எழுதும் முதல் செய்முறைக்கு ஸ்ட்ரூப் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். 1935லிருந்து இருப்பது, செலவில்லை, நம் மொழிக் கலவைக்கு ஏற்றது.

தாள் அ: 20 நிறக் கட்டங்கள். தாள் ஆ: 20 பிரெஞ்சு நிறப்பெயர்கள், ஒவ்வொன்றும் பொருந்தாத நிறத்தில். தாள் இ: அதுபோலவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று தமிழ் எழுத்தில். ஒவ்வொரு நிறமும் 5 தடவை. ஒரே நிறம் அடுத்தடுத்து வரவேண்டாம். எழுதியிருப்பதை விட்டு மையின் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், தவறினால் திருத்திவிட்டே அடுத்தது. கைப்பேசி நேரங்காட்டி போதும்.

மூன்று தாளுக்கு ஆறு வரிசைமுறை உண்டு. 18 பேர் கிடைத்தால் வரிசைக்கு மூவர். எல்லாரும் அ, ஆ, இ என்றே செய்தால் இறுதித் தாளுக்குள் பழக்கமோ சோர்வோ சேர்ந்துவிடும். முடிவு எதனால் வந்தது என்று தெரியாது. அறிக்கைகளில் நான் மிக அதிகம் திருத்துவது இதைத்தான்.

வேறு என்ன கெடும்? வெள்ளைத் தாளில் மஞ்சள் மை தெரியாது, சற்று ஆரஞ்சு கலந்த மஞ்சள் வையுங்கள். சிலர் கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொள்வார்கள். இயல்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர் இருக்கலாம், முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னும் வேண்டாம்.

தமிழை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிப்பவரிடம் தாள் இயின் தடை (எழுத்து குறுக்கிட்டு நிறம் சொல்வதைத் தாமதமாக்குவது) குறைவாகவே வரும். வாசிப்பு தானாக ஓடாதபோது குறுக்கிடவும் முடியாது. ஆனால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நிறத்தைப் பிரெஞ்சில் சொல்லவைத்திருந்தால், சொல்லும் மொழியும் எழுத்தின் மொழியும் தாள் இயில் வேறு வேறு. அதுவும் தடையைக் குறைக்கும். இரண்டையும் பிரிக்க, இன்னொரு நாள் அதே ஆட்களைத் தமிழில் நிறம் சொல்லவைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். நேரம் இல்லையென்றால் இந்தக் குறையை அறிக்கையின் விவாதப் பகுதியில் நேராக எழுதுங்கள்.

கலந்துகொள்வோரிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெயருக்குப் பதில் எண். நடுவில் எழுந்து போகலாம் என்று சொல்லுங்கள். நண்பர்கள்தானே என்று இதை விடக்கூடாது.

போர்ட் லூயிஸ், மருத்துவ மாணவி

மூளை-நரம்பு அத்தியாயத்துக்கு நம் ஊர்க்காரர் ஒருவரே இருக்கிறார். பிரவுன்-செகார், 1817இல் போர்ட் லூயிஸில் பிறந்தவர். போ பாசனில் உள்ள மனநல மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். அவர் கண்டு சொன்னது இது: தண்டுவடம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால் அதே பக்கத்தில் அசைவும் உறுப்பு இருக்குமிட உணர்வும் போகும். வலி, சூடு, குளிர் உணர்வு எதிர்ப்பக்கத்தில் போகும். காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் வேண்டாம்: வலி நரம்புப் பாதை தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே மறுபக்கம் கடக்கிறது, மற்ற இரண்டும் மேலே மூளைத்தண்டில் கடக்கின்றன.

அவரே ஆய்வு முறைக்கும் பயன்படுவார். 1889இல், 72 வயதில், விலங்கு விரைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, பலமும் தெளிவும் திரும்பின என்று பாரிஸில் அறிவித்தார். நீரில் எடுத்த அந்தச் சாற்றில் பலன் தரும் அளவு ஹார்மோன் இராது. அவ்வளவு கூர்மையான அறிஞருக்கே எதிர்பார்ப்பு உடலில் பலனாகத் தோன்றியிருக்கிறது. மருந்துபோல் தோன்றும் வெறும் ஊசி போட்ட ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதை எழுதலாம்.

மோக்கா, முதலாண்டு மாணவர்

ஆஷ் பற்றித் திருத்தியதற்கு நன்றி அக்கா. ஒவ்வொரு ஆய்வையும் அட்டையில் எழுதினால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து அட்டையை மாற்ற வேண்டுமா?

ரோஸ் ஹில், பயிற்றுநர்

அந்தப் பிரிவை நம்ப வேண்டாம் தம்பி. 2008இல் பாஷ்லர் குழுவினர் சான்றுகளை அலசியபோது, பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. எல்லாருக்கும் ஒரே அட்டைதான். முன்பக்கம் கேள்வி மட்டும், பின்பக்கம் ஆறு வரி. ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

முன்பக்கம்: கேள்வியின் ஒரு சொல் நினைவை மாற்றுமா?

பின்பக்கம்: லாஃப்டஸ், பாமர், 1974.
ஆட்கள்: 45 மாணவர்கள், ஐந்து குழு.
செய்தது: கார் மோதும் படத்துண்டுகள், 'எவ்வளவு வேகம்' என்ற கேள்வியில் வினைச்சொல் மட்டும் வேறு.
கிடைத்தது: 'நொறுங்க மோதிய' என்று கேட்டால் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், 'தொட்டுக்கொண்ட' என்றால் 31.8.
தொடர்ச்சி: இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றபோது, 'நொறுங்க மோதிய' குழுவில் 50இல் 16 பேர் ஆம் என்றார்கள், வேகம் கேட்கப்படாத குழுவில் 50இல் 6 பேர். படத்தில் கண்ணாடி உடையவில்லை.
பலவீனம்: படம் பார்ப்பவருக்கு நேரில் விபத்தைக் காணும் பதற்றம் இல்லை; எல்லாரும் மாணவர்கள்.

பலவீனத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் நீங்களே யோசித்து எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகட்டும், மற்ற ஐந்து வரிகளும் அதோடு சேர்ந்து மனத்தில் நின்றுவிடும்.