இரு பக்க ஞானப்பல் ஆய்வில் டெக்ஸாமெத்தசோன்: ஒரே நாளில் எடுக்கலாமா?

கேள்வி: எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுகலை) இரண்டாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். கீழ்த்தாடையின் இரு பக்கமும் ஞானப்பல் எலும்புக்குள் புதைந்திருப்பவர்களைத் தேர்ந்து, ஒரு பக்க அறுவையின்போது சளிச்சவ்வின் கீழ் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி.யும், மறுபக்கம் மருந்தில்லாத உப்புநீரான செலைனும் செலுத்தி, வீக்கத்தையும் வாய் திறப்பையும் ஒப்பிட என் ஆய்வேட்டுக்குத் திட்டமிட்டிருக்கிறேன். நோயாளியை இருமுறை அலைக்கழிக்காமல் இரண்டு பற்களையும் ஒரே நாளில் எடுத்துவிட எண்ணுகிறேன். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன், குறைகள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: வாய் முக அறுவை மருத்துவர்

ஒரே நாளில் எடுத்தால் உங்கள் கேள்விக்கு விடையே கிடைக்காது, டாக்டர். டெக்ஸாமெத்தசோனை ஈறுக்கருகில் செலுத்தினாலும் அது அங்கேயே நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து செலைன் போட்ட பக்கத்து வீக்கத்தையும் குறைக்கும் என்பதால், மருந்து நன்றாக வேலை செய்திருந்தாலும் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்து, அதனால் பயனில்லை என்று நீங்கள் எழுத நேரிடும். அதன் செயல் 36 முதல் 54 மணி நேரம் வரை நீடிக்கிறது. வீக்கம் உச்சமடைவதும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான். ஆகவே மூன்று, நான்கு வாரமாவது இடைவெளி விடுங்கள். முதல் பக்க அறுவைக்கு முன்பிருந்த வாய் திறப்பு திரும்பிவிட்டதை அளந்து பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எந்தப் பக்கம் முதலில், எந்தப் பக்கத்துக்கு மருந்து ஆகிய இரண்டையும் குலுக்கலே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று: ஒரு பல் நேராகவும் மற்றது படுத்தும் கிடந்தால் அந்த நோயாளியைச் சேர்க்காதீர்கள். என் முதுகலைக் காலத்தில் எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் அப்படிச் சிலரைச் சேர்த்துவிட்டு, வீக்க வேறுபாடு மருந்தால் வந்ததா, எலும்பை அதிகம் அறுத்ததால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் தவித்தேன்.

பதில்: மயக்கவியல் மருத்துவர்

மரப்பு ஊசியையும் கவனியுங்கள். இரு முறையும் அதே 2% லிக்னோகெயினும் 1:80,000 அட்ரினலினும் இருக்கட்டும். நரம்பு மரக்காமல் கூடுதலாகச் செலுத்தினால் அளவைக் குறித்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீண்ட நேரம் மரக்கச் செய்யும் புபிவகெயின் பயன்படுத்தினால் முதல் சில மணி நேர வலி மறைந்துவிடும். முதல் வலி மாத்திரை எப்போது தேவைப்பட்டது என்ற அளவீடு பொருளற்றுப் போகும்.

மாணவி

மிக்க நன்றி. இடைவெளி விட்டால் இரண்டாம் முறை சிலர் வராமல் போவார்களே, அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடலாமா?

பதில்: உயிரிப் புள்ளியியல் ஆலோசகர்

நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. முதல் முறை மிகவும் துன்பப்பட்டவர்களே திரும்பி வரத் தயங்குவார்கள்; அவர்களில் செலைன் பெற்றவர்கள் அதிகமிருந்தால், மருந்தின் பயன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். எனவே வராத காரணத்தைக் கேட்டுப் பதியுங்கள். முதல் அறுவையின் அளவீடுகளை மட்டும் எடுத்து, மருந்து பெற்றவர்களையும் செலைன் பெற்றவர்களையும் இரு தனிக் குழுக்களாக ஒப்பிடும் கணக்கையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இருமுறையும் வந்தவர்களுக்கு, ஒரே நபரின் இரு அளவீடுகளை ஒப்பிடும் இணைச் சோதனையே பொருந்தும். ஒரே முகத்தின் இரு பக்கங்களை இரண்டு வெவ்வேறு மனிதர்களாகக் கருதிக் கணக்கிடும் பிழையை நான் அடிக்கடி காண்கிறேன்.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2018 ஏப்ரல் 1 முதல், நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்காத ஆய்வுகளை மட்டுமே பதிவு செய்கிறது. ஆகவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்தவுடன், முதல் நோயாளியிடம் கையொப்பம் வாங்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.