மலைப்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பள்ளி?

மலையாசிரியர்

பதினொரு ஆண்டுகளாகப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்பு வரை எப்படியோ வந்துவிடும் பிள்ளைகள் ஒன்பதில் உதிர்ந்துபோகிறார்கள். கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு கைகழுவிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடம் அது 54 மட்டுமே.

என் கருத்து இது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் மலையிலேயே நடக்க வேண்டும். பள்ளியை நடத்துவதில் ஊர்ப் பெரியவர்களுக்கு உண்மையான அதிகாரம் வேண்டும். அவர்களுடைய அறிவு பாடத்துக்குள் வர வேண்டும். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுக்கிறது. பாம்புக்கடி மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் என் வகுப்பில் இருந்த இருளர் பையனிடம், உன் தாத்தாவுக்குத் தெரிந்ததும் உயிரியல்தான் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நான் சொன்ன அன்றுதான் அவன் முதல்முறையாகக் கை தூக்கிக் கேள்வி கேட்டான்.

கல்வராயன் மகன்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். நீங்கள் சொல்லும் வழியை ஏற்க முடியவில்லை.

நான் கல்வராயன் மலையில் பிறந்தவன். தமிழ் பேசும் 'மலையாளி' என்ற பழங்குடியைச் சேர்ந்தவன். ஆண்டில் பாதி நாள் என் பெற்றோர் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போய்விடுவார்கள். கீழே இறங்கி, விடுதியில் தங்கி, மற்றவர்கள் படித்த அதே புத்தகத்தைப் படித்துத்தான் பொறியாளன் ஆனேன். தேனெடுக்க எனக்கு என் மாமா கற்றுத் தந்தார். அதற்குப் பள்ளி தேவைப்படவில்லை. என் வீட்டில் கிடைக்காததைத்தான் பள்ளி எனக்குத் தர வேண்டும். எங்கள் வீட்டில் முக்கோணவியல் இல்லை.

மலைமேல் மேல்நிலைப் பள்ளி திறந்தால் இயற்பியலுக்கு ஆசிரியர் வந்து தங்குவாரா? சேர்ந்த மறுமாதமே மாறுதலுக்கு எழுதிப் போடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கூத்தும் கைவினையும் மிஞ்சும். மருத்துவக் கல்லூரி இடம் வேறு யாருக்கோ போகும்.

பந்தலூர் அக்கா

இருவருமே தேனையும் பாம்பையும் வைத்துப் பேசுகிறீர்கள். நான் பணியர் பழங்குடி. எங்கள் பக்கத்தில் தேனெடுப்பது காட்டுநாயக்கர். என் பாட்டி பண்ணையடிமையாக மற்றவர் வயலில் நாற்று நட்டவர். காட்டைப் பற்றிப் பாடம் வைத்தால் அவருடைய வாழ்க்கை அதில் எங்கே வரும்? அடிமைப்பட்ட கதையும் எங்கள் கதைதான். அதையும் எழுதுவீர்களா?

கல்வராயன் தம்பி, உங்கள் மலையில் வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் பணிய மொழி. பெட்டக்குறும்பர் பேசுவது வேறு. காட்டுநாயக்கர் பேசுவது இன்னும் வேறு. முதல் வகுப்பில் அமர்ந்த நாளில் ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. கூடலூர் வித்யோதயாவில் 1990களிலிருந்து பழங்குடிக் குழந்தைகளுக்கென்று பள்ளி நடக்கிறது. அங்கே எங்கள் சமூகங்களைச் சேர்ந்தவர்களே ஆசிரியர்கள். ஆனால் அப்படிப்பட்ட முயற்சிகள் சிறு வகுப்புகளைத் தாண்டுவது அரிது.

என் அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பில் நின்றாள். மொழியும் காரணமில்லை, கணக்கும் காரணமில்லை. அவளை வளர்த்த பாட்டி இறந்துபோனார். சடங்குகள் முடியும் வரை வீட்டில் இருந்தாள். திரும்பிப் போனபோது, இத்தனை நாள் எங்கே சுற்றினாய் என்று எல்லோர் முன்னாலும் விடுதியில் கேட்டார்கள். அன்றே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

டொரன்டோ வாசகன்

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்தை நான் வாழும் கனடா பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. வடக்கு ஒன்டாரியோவின் தொலைவான பூர்வகுடி ஊர்கள் பலவற்றில் முழுமையான உயர்நிலைப் பள்ளி இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் விமானம் ஏறித் தண்டர் பே நகரத்துக்கு வந்து, அறியாதவர் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். 2000க்கும் 2011க்கும் இடையில் அப்படி வந்த ஏழு மாணவர்கள் இறந்தார்கள். ஐந்து பேரின் உடல்கள் ஆறுகளில் கிடைத்தன. 2016இல் முடிந்த விசாரணை 145 பரிந்துரைகளைத் தந்தது.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வேறு கதை. அங்கே மிக்மாக் என்ற பூர்வகுடி மக்கள் 1997இல் அரசோடு ஒப்பந்தம் செய்து பள்ளிகளைத் தங்கள் கையில் எடுத்தார்கள். எஸ்கசோனி என்ற அவர்கள் ஊரில் அவர்களுக்கே உரிய உயர்நிலைப் பள்ளி உண்டு, மிக்மாக் மொழியும் கற்பிக்கிறார்கள். இப்போது பள்ளிப் படிப்பை முடிப்போர் சுமார் 90 சதவீதம். கல்வராயன் அண்ணா, நீங்கள் அஞ்சுவதற்கும் அங்கே விடை வைத்திருக்கிறார்கள்: மாணவர் வேறு பள்ளிக்கு மாறினால் படிப்பில் இழப்பு வரக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

கல்வராயன் மகன்

தம்பி, அங்கே ஒப்பந்தம் போட ஒரு தரப்பாக அவர்கள் எதிரே உட்கார முடிந்தது. இங்கே எங்களை யார் உட்கார வைத்தார்கள்? பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருவது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை. தமிழ்நாட்டில் அந்த அட்டவணைப் பகுதி என்று ஒரு கிராமம்கூட இல்லை.

பழங்குடிக்கென்று தனிப் பள்ளி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு, ஒன்றிய அரசு பழங்குடி மாணவர்களுக்கென்று வைத்திருக்கும் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளைப் பாருங்கள். ஆசிரியர் தேர்வை 2023இல் தில்லிக்குக் கொண்டுபோனார்கள். இந்தித் தேர்ச்சியைக் கட்டாயமாக்கினார்கள். தென்மாநில மலைகளுக்கு அந்த ஊர் மொழி தெரியாத ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். ஆசிரியருக்குத் தமிழே தெரியாத வகுப்பில் பணிய மொழிக்கு எங்கே இடம்?

மலையாசிரியர்

நீங்கள் சொன்ன ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணித முதுகலை ஆசிரியர் இல்லை. அறிவியல்காரனாகிய நான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை இரவில் படித்துக் காலையில் நடத்தினேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது போதவில்லை. இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆனால் ஏகலைவா பற்றிச் சொன்னதை என் பக்கத்துச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தபோது பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியிலும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் வருகிறார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார்கள், போகிறார்கள். அவர்கள் வாய் திறந்து, எங்கள் பிள்ளைக்குச் சாவு விடுப்பு கொடு என்று சொல்லும் நிலை இருந்திருந்தால் பந்தலூர் அக்கா எழுதியது நடந்திருக்காது.

கல்வராயன் மகன்

அந்த விடுப்புக்கு நானும் கையெழுத்திடுகிறேன். மொழி தெரிந்த உதவியாளர் விடுதியில் இருக்க வேண்டும் என்பதற்கும் இடுகிறேன். ஆனால் எங்களுக்கென்று தனிப் பாடநூல், தனித் தேர்வு என்று நாளை ஓர் அதிகாரி வந்து நின்றால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். இலேசான பாடத்தைக் கொடுத்து எங்களைக் கீழேயே வைத்துவிடுவார்கள்.

பந்தலூர் அக்கா

இலேசான பாடத்தை யாரும் இங்கே கேட்கவில்லை தம்பி. அதே கணக்கைத்தான் கேட்கிறோம். அதைச் சொல்லித் தருகிறவர் எங்கள் சாவையும் திருவிழாவையும் அறிந்தவராக இருக்கட்டும் என்கிறோம்.

என் அக்காள் மகள் இப்போது திருப்பூரில் பின்னலாடை ஆலையில் இருக்கிறாள். வயது பதினேழு. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்றப் பாடங்களைத் தேற்றிக்கொள்வாள், கணக்குக்குத்தான் பயப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை.

கல்வராயன் மகன்

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் நான் சொல்லித் தருகிறேன் அக்கா. பள்ளியில் எந்த இயலோடு நின்றாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.