நினைவு தேய்ந்துவரும் ஒருவரை 'ஆள் போய்விட்டார்' என்று சொல்வது சரியா?

கும்பகோணத்து மகள் (கேள்வி):

வணக்கம். என் அப்பா ஓர் அச்சுக்கூடத்தில் நெடுங்காலம் கம்பாசிட்டராக வேலை பார்த்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, இடவலம் மாறி நிற்கும் அந்த வரிகளை அப்படியே படித்துப் பிழை திருத்துவதே அவருடைய தொழில். இப்போது அவருக்கு அல்சைமர் நோய் இருப்பதை நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். காலையில் சாப்பிட்டது முற்பகலுக்குள் மறந்துவிடுகிறது. பேத்தியின் பெயரை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சற்று நேரத்தில் மறுபடியும் கேட்கிறார்.

அண்மையில் என் தம்பி தன் கடையின் ரப்பர் ஸ்டாம்பை மேசைமேல் வைத்திருந்தான். அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பி, தாளில் குத்திப் பார்க்காமலே, அடிப்பக்கத்தில் இடவலம் மாறியிருந்த கடைப்பெயரையும் தெருப்பெயரையும் தடங்கலின்றி வாசித்தார். பிறகு, "இரண்டாவது வரியில் புள்ளி தேய்ந்துவிட்டது, அச்சில் விழாது" என்றார். குத்திப் பார்த்தோம்; அந்தப் புள்ளி விழவில்லை. பேத்தியின் பெயரே நிற்காத மனத்தில் இது மட்டும் எப்படி நிற்கிறது?

தம்பி கைப்பேசியில் நினைவாற்றல் பயிற்சிச் செயலி ஒன்றை வாங்கி, அப்பாவை நாள்தோறும் அதன்முன் உட்காரவைக்கிறான். அதனால் பயன் உண்டா என்றும் அறிய விரும்புகிறேன். எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, பார்க்க வரும் உறவினர்கள் "உடம்புதான் இருக்கிறது, ஆள் போய்விட்டார்" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போவதுதான். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

உளவியல் ஆசிரியர்:

வணக்கம் அம்மா. உங்கள் அப்பா ரப்பர் ஸ்டாம்பை வாசித்த நிகழ்ச்சி, நினைவாற்றல் ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பை நிறுத்துவதற்காக, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இருபுறத்துப் பொட்டு மடல்களின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதிகளின்) உட்பகுதியை, புதிய நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் சேர்த்து, அகற்றிவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று முதல் புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது.

அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஒரு முறை 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். மோலைசன் சுமார் கால்மணி நேரம் அதை விடாமல் பிடித்துவைத்திருந்தார். எப்படி என்று கேட்டபோது, மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17 வருகிறது, 8ஐ நினைவில் வைத்து 17இல் கழித்தால் 9, அதை இரண்டாகப் பிரித்தால் 5, 4 என்று விளக்கினார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும், எண் மட்டுமல்லாமல், அப்படி ஓர் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கவனத்தில் வைத்துச் சுழற்றும் திறன் முழுமையாக இருந்தும், அதை நிலையான நினைவாக மாற்றும் வழி அடைபட்டிருந்தது.

அதே மில்னர் அவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். கையையும் தாளையும் நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலைச் செலுத்த வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் செய்ததில் அவருடைய பிழைகள் பெருமளவு குறைந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் எண்ணினார். 1980இல் நீல் கோஹன், லாரி ஸ்குவையர் ஆகிய இருவரும் நினைவிழப்பு நோயாளிகளுக்கு இடவலம் மாறிய சொற்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோது, மற்றவர்களைப் போலவே அவர்களும் வேகம் பெற்றார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகும் அத்திறன் குறையவில்லை. அந்தப் பயிற்சியில் கலந்துகொண்டதை மட்டும் அவர்களில் பலர் மறந்திருந்தார்கள். உங்கள் அப்பாவின் தொழிலையும் இந்த ஆய்வையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

நடந்ததை நினைவுகூர்வதும், ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருப்பதும் மூளையில் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும் முதலில் தாக்குவதால், அண்மை நிகழ்ச்சிகளும் புதிதாகக் கேட்ட பெயர்களும் முதலில் நழுவுகின்றன. பல்லாண்டுப் பழக்கத்தில் ஊறிய கைத்திறனும் கண்திறனும் நெடுநாள் தாக்குப்பிடிக்கலாம். நோய் முற்றும்போது அவையும் குறையும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

உறவினர்களின் பேச்சைப் பற்றி: அவர்கள் சொல்வதற்குத் தத்துவ உலகில் ஒரு பழைய ஆதரவு உண்டு. ஜான் லாக் 1694இல், கடந்த காலச் செயல்களை நினைவுணர்வு எட்டும் தொலைவுவரைதான் ஒருவர் அதே ஆளாக இருக்கிறார் என்று எழுதினார். அதற்கு எதிரான வலுவான சான்றாக நான் கருதுவது கனடாவைச் சேர்ந்த கே.சி. என்ற நோயாளியின் கதை. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் காயமடைந்த அவர், தன் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுகூர முடியாதவரானார். நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மனம் வெறுமையாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் சதுரங்கம் ஆடினார். பள்ளியில் படித்த பாடங்களும் உலகத்தைப் பற்றிய பொதுச் செய்திகளும் அவரிடம் இருந்தன. விபத்துக்குப் பிறகு அவர் முன்பைவிட அமைதியானவராக மாறியிருந்தார். நினைவாற்றல் ஆய்வாளர் எண்டல் டல்விங் அவரையும் அவருடைய தாயாரையும் தனித்தனியே அழைத்து, கே.சி.யின் குணங்களை மதிப்பிடச் சொன்னபோது, அவர் தம்மைப் பற்றிச் சொன்னவை, மாறிய பின் இருந்த குணத்தைப் பற்றித் தாயார் சொன்னவற்றோடு பெரிதும் ஒத்துப்போயின. ஒரு நிகழ்ச்சிகூட நினைவில் இல்லாத மனிதருக்குத் தாம் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்திருந்தது. அதுவும் விபத்துக்குப் பின்னால் வந்த மாற்றத்தோடு சேர்த்துத் தெரிந்திருந்தது. ஆகவே 'ஆள் போய்விட்டார்' என்ற முடிவை, பேத்தியின் பெயர் மறந்துபோனதை மட்டும் வைத்து எவரும் எடுக்க முடியாது.

மறுவாழ்வுப் பயிற்சியாளர்:

செயலியைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன்.

நினைவை வலுப்படுத்தும் வழிகள் உண்மையிலேயே உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, ஒரு பிரிவினரை அதையே மறுபடி படிக்கவும், இன்னொரு பிரிவினரைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கவும் செய்தார்கள். ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு மறுபடி படித்தவர்களே முந்தியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழாகி, எழுதிப் பார்த்தவர்கள் அந்தப் பகுதியில் சுமார் 56 விழுக்காட்டையும் மறுபடி படித்தவர்கள் சுமார் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். பழகிய இடங்களில் சொற்களைப் பொருத்தி வைக்கும் பழைய கிரேக்க முறையை நாற்பது நாள் பயின்ற சாதாரண மனிதர்கள், 72 சொற்களில் முப்பதுக்குள் நின்ற நிலையிலிருந்து அறுபதைத் தாண்டினார்கள் என்பது 2017இல் வெளிவந்த ஆய்வு. நம் மரபில் ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக்கும் அந்தாதியும், மனப்பாடம் செய்பவருக்கு ஒவ்வொரு பாட்டின் வாயிலிலும் அடுத்த பாட்டைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் செயலிகள் அப்படியல்ல. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆறு வாரம் பயிற்றுவித்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயின்ற விளையாட்டுகளில் அவர்கள் தேர்ச்சி பெற்றார்களே தவிர, அத்தேர்ச்சி வேறு பணிகளுக்குப் பரவவில்லை. அதுவும் நோயற்றவர்களிடம்!

அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மாணவருக்கு நன்மை செய்யும் 'யோசித்துச் சொல்' என்ற முறை உங்கள் அப்பாவுக்குத் தீங்கு செய்யலாம். நாம் தவறான விடை சொல்லித் திருத்தப்பட்டால், திருத்தப்பட்டதை நினைவில் வைத்து அடுத்த முறை அந்தத் தவற்றைத் தவிர்க்கிறோம். நினைவிழப்பு உள்ளவருக்குத் திருத்தம் மறந்துவிடும். வாயால் சொன்ன தவறான விடை மட்டும் பழக்கமாகப் பதிந்துவிடும். ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல், இத்தகையவர்களை ஊகிக்கவிடாமல் தொடக்கத்திலேயே சரியான விடையைக் கொடுத்துக் கற்பித்தால் அதிகம் தங்குகிறது என்று காட்டினார்கள். எனவே வீட்டுக்கு வருபவர்கள் "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அது அவரைச் சோதிப்பதோடு அவமானப்படுத்தவும் செய்கிறது. "அப்பா, உங்கள் பேத்தி வந்திருக்கிறாள்" என்று பெயரைச் சொல்லியே உள்ளே வரலாம்.

ஒரே ஒரு செய்தியை மட்டும் பதியவைக்க விரும்பினால் இப்படிச் செய்து பாருங்கள். பேத்தியின் பெயரைச் சொல்லி உடனே திருப்பிக் கேளுங்கள். சொன்னால் அரை நிமிடம் கழித்தும், பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இடைவெளியைப் பெருக்கியும் கேளுங்கள். தயங்கினால் ஊகிக்கவிடாமல் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். கேமரான் கேம்ப் என்ற ஆய்வாளர் அல்சைமர் நோயாளிகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது. நோயை இது குணமாக்காது. ஒரு பெயர், மூக்குக்கண்ணாடி இருக்கும் இடம் போன்ற சின்னஞ்சிறு செய்திகளை மீட்டுத் தரும். அவர் முகத்தில் சலிப்போ பதற்றமோ தெரிந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

ஈரோடு வாசகர்:

மேலே உள்ளவர்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் மாறுபட்ட ஓர் அனுபவத்தைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். என் மனைவிக்கு வந்தது அல்சைமர் அல்ல. மூளையின் நெற்றி மடலைத் தாக்கும் இன்னொரு வகை மறதிநோய். தொடக்க ஆண்டுகளில் அவளுடைய நினைவில் பெரிதாகக் குறையொன்றும் இல்லை. உறவினர்களின் பிறந்தநாள்களைச் சரியாகச் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை கீழே விழுந்து அழுதபோது, ஒரு காலத்தில் ஊரார் பிள்ளைகளை எல்லாம் மடியில் வைத்துச் சோறூட்டியவள், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று எனக்கு ஏற்பட்ட இழப்புணர்ச்சியை எந்த மறதியும் ஏற்படுத்தியதில்லை.

நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் தமிழ்க் கட்டுரை ஒன்றின் வழியாக அறிந்தேன். மூன்று வகை நோயாளிகளின் குடும்பத்தினர் 248 பேரிடம், இவர் இன்னும் அதே மனிதர் என்று தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். மிக அதிகமாக 'இல்லை' என்ற உணர்வு, என் மனைவிக்கு வந்த நோயால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களில்தான் இருந்தது. அந்த உணர்வோடு மிக வலுவாகப் பிணைந்திருந்தது இரக்கம், நேர்மை போன்ற அறப்பண்புகளின் மாற்றம். நினைவிழப்பின் பங்கு மிகச் சிறியது. இதைப் படித்தபோது, நான் மட்டும் கல்நெஞ்சனாக நினைக்கவில்லை என்று ஆறுதலடைந்தேன். உங்கள் அப்பா அந்த ஸ்டாம்பைப் பார்த்து, புள்ளி விழாது என்று எச்சரித்தாரே, மகனின் கடைக்குப் பிழையான முத்திரை போய்விடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. உங்கள் உறவினர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

கும்பகோணத்து மகள்:

மூவருக்கும் என் நன்றி. ஈரோட்டு ஐயாவின் பதிவைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன், செயலியை நிறுத்திவிட்டோம். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அப்பா சில நாட்களில், நடக்காத ஒன்றை நடந்ததாக உறுதியோடு சொல்கிறார். நேற்று, தம் பழைய முதலாளி வந்து ஒரு திருமணப் பத்திரிகையை உடனே கோத்துத் தரச் சொன்னதாகக் கூறினார். அந்த முதலாளி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உண்மையைச் சொல்லித் திருத்துவது கடமையா, விட்டுவிடுவது பொய்க்குத் துணைபோவதாகுமா?

உளவியல் ஆசிரியர்:

நோயற்றவர்களின் நினைவே பதிவுசெய்த ஒலிநாடாவைப் போல இயங்குவதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் வாகன மோதல் படக்காட்சியைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் 'முட்டிக்கொண்டபோது' என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள், கடுமையான சொல்லைக் கேட்டவர்களில் 32 விழுக்காடு. மென்மையான சொல்லைக் கேட்டவர்களில் 14 விழுக்காடு. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் நாம் எல்லாருமே எஞ்சியிருக்கும் துண்டுகளிலிருந்து நிகழ்ச்சியை மீண்டும் கட்டுகிறோம். உங்கள் அப்பாவிடம் துண்டுகள் குறைந்துவிட்டன, காலவரிசை கலைந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே திருத்துவதைக் கடமையாக எண்ண வேண்டாம். முதலாளி இறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னால், அந்தச் செய்தியை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பார். மறுநாள் சொன்னால் மறுநாளும் அப்படியே. அதே வேளையில் "ஆமாம், வந்தார்" என்று நீங்களாகச் சேர்த்துச் சொல்லவும் தேவையில்லை. "திருமணப் பத்திரிகைக்கு எந்த எழுத்து போடுவீர்கள், எத்தனை வரி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி பொய்யாக இருந்தாலும் அந்தத் தொழிலறிவு மெய்யானது. அதைப் பற்றி அவரால் தடுமாறாமல் பேச முடியும். மருந்து, பணம், அடுப்பு, வெளியே கிளம்பிப் போவது ஆகியவை தொடர்பாகத் தவறான எண்ணம் தோன்றினால் மட்டும் அமைதியாகக் குறுக்கிடுங்கள். இத்தகைய கூற்றுகள் திடீரென்று ஒரே நாளில் அதிகரித்தாலோ, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாக அவர் சொன்னாலோ, சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய மருந்து போன்ற வேறு காரணங்கள் இருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.