ஃப்ரட்டர்னிட்டியில் சேரும் பசங்க பாதியிலேயே கழன்றுகொள்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ல இருந்து வந்து டெக்சாஸ்ல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில பி.எஸ். மூணாவது வருஷம் படிக்கிறேன். இங்க ஒரு சவுத் ஏஷியன் ஃப்ரட்டர்னிட்டியில (பசங்க சேர்ந்து நடத்துற மாணவர் சங்கம்) இருக்கேன். இந்த ஃபால் செமஸ்டருக்கு என்னை நியூ மெம்பர் எஜுகேட்டர் (புதுசா சேர்றவங்களைப் பார்த்துக்கற பொறுப்பு) ஆக்கிட்டாங்க. பிட் (சேரச் சொல்லி அழைப்பு) கொடுக்கும்போது துள்ளிக் குதிச்சுட்டு சேர்ற பசங்கள்ல பாதிப் பேர் இனிஷியேஷனுக்கு (முழு மெம்பரா ஏத்துக்கற சடங்கு) முன்னாடியே போயிடறாங்க. அதுலயும் நம்ம ஊர்ல இருந்து எஃப்-1 ஸ்டூடண்ட் விசாவுல வந்தவங்கதான் முதல்ல போறாங்க. "பசங்களுக்கு சீரியஸ்னெஸ் இல்ல, இன்னும் டைட் பண்ணு"ன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்கு அது சரியா படல. என்ன பண்ணலாம்?

பதில் 1:

தம்பி, உனக்குப் பட்டதுதான் சரி. டைட் பண்ணினால் மிச்சம் இருப்பவனும் போவான்.

நம் ஊர்ப் பசங்க ஏன் முதலில் போகிறார்கள் என்று பார். சவுத் ஏஷியன் மாணவர்கள் தொடங்கிய ஃப்ரட்டர்னிட்டிகள் 1990-களில் வந்தவை. சிக்மா பீட்டா ரோ 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், டெல்டா எப்சிலான் சை 1998-ல் உங்க டெக்சாஸிலேயே, ஆஸ்டினில். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோதாக அமைந்த இடம் அது. உன் சாப்டரிலும் (உங்க கேம்பஸ் கிளை) பாதிப் பேர் ஃபிரிஸ்கோ, பிளேனோ, சுகர் லேண்ட், கேட்டி மாதிரியான டெக்சாஸ் புறநகர்ப் பசங்களாகத்தான் இருப்பார்கள். ஒரே ஹைஸ்கூல், ஒரே டென்னிஸ் கோச்சிங். வரும்போதே கூட்டாளியோடு வருகிறார்கள். கோயம்புத்தூர்ப் பையனுக்கு அவர்களுடைய ஹைஸ்கூல் கதையும் புரியாது, நடுநடுவே விழும் ஹிந்தி ஜோக்கும் புரியாது. எல்லாரும் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாக அவனும் சிரிப்பான். அதை நீ கவனித்திருப்பாய்.

மீட்டிங் முடிந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு மீட்டிங் கலையும். "வாட்டாபர்கர் போலாமா?" என்று யாரோ கேட்பார்கள். நாலு கார் நிற்கும். காருக்குள் முன்பே பழகியவர்கள் ஏறிக்கொள்வார்கள். கார் இல்லாதவன் "எனக்கு அசைன்மெண்ட் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு டார்முக்கு நடப்பான். ரெண்டு வாரம் அப்படி நடந்தவன் மூன்றாவது வாரம் மீட்டிங்குக்கே வரமாட்டான். எத்தனை ஹிஸ்டரி டெஸ்ட் வைத்தாலும், எத்தனை கிரேக்க எழுத்து மனப்பாடம் பண்ண வைத்தாலும் அவனை நிறுத்த முடியாது.

அதனால் முதல் வேலையாக, மீட்டிங் முடிந்தால் யார் எந்தக் காரில் என்பதை நீயே பிரித்துவிடு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே காரில் ஏறக்கூடாது. அடுத்தது, பிக்-லிட்டில் ரிவீல் (எந்தப் புதுப் பையனுக்கு யார் அண்ணன் என்று அறிவிப்பது) வரை காத்திருக்காதே. பல சாப்டர்களில் அது பாதி பீரியடுக்குப் பிறகுதான் நடக்கும், அதற்குள் ஆள் காணாமல் போயிருப்பான். பிட் கொடுத்த அன்றே ஒவ்வொருவனுக்கும் தற்காலிகமாக ஒரு அண்ணனைச் சொல்லிவிடு. அந்த அண்ணனுக்கு ஒரே கடமைதான்: வாரத்துக்கு ஒரு தடவை டைனிங் ஹாலில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது. ஃப்ரட்டர்னிட்டி பேச்சே எடுக்க வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். செமஸ்டருக்கு 500 டாலர் ட்யூஸ் (சந்தா) என்றால் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அது 40,000 ரூபாய்க்கு மேல். பிட் வாங்கிய பிறகு, "நேஷனல் ஃபீ தனி, இன்ஷூரன்ஸ் தனி, ஜாக்கெட் தனி" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தால் பையன் வீட்டில் கேட்க வெட்கப்பட்டே விலகிவிடுவான். காரணம் கேட்டால் "படிப்பு" என்பான். ரஷ் வாரத்திலேயே (பிட் கொடுப்பதற்கு முன் ஆள் தேடும் வாரம்) மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடு. தவணையில் கட்டலாமா என்று உங்க ட்ரெஷரரிடம் முன்பே பேசி வை. தொகையைக் கேட்டு ரெண்டு பேர் பின்வாங்கினால் நல்லதுதான், அவர்கள் எப்படியும் போயிருப்பார்கள்.

நேரமும் அப்படித்தான். நியூ மெம்பர் பீரியட் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். ஃபாலில் அது நேராக அக்டோபர் மிட்டெர்மில் வந்து மோதும். மறுநாள் கெமிஸ்ட்ரி பரீட்சை, முந்தின ராத்திரி பார்க்கிங் கராஜ் மேல்மாடியில் புரொபேட் (புது மெம்பர்களை மேடையில் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி) பிராக்டிஸ். இங்கே வளர்ந்தவன் சமாளித்துக்கொள்வான், தேவைப்பட்டால் கோர்ஸை டிராப் பண்ணுவான். எஃப்-1 பையனுக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசா ஸ்டேட்டஸ் பிரச்சினை, டி.எஸ்.ஓ.-விடம் (வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்லூரி அதிகாரி) முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். கேம்பஸில் வாரம் 20 மணி நேரம்வரை வேலையும் பார்ப்பான். செமஸ்டர் தொடங்கும்போதே எல்லாருடைய பரீட்சைத் தேதியையும் ஷிஃப்டையும் வாங்கி, அதைச் சுற்றிக் காலண்டர் போடு. காலண்டரைப் போட்டுவிட்டு அதற்குள் பசங்களைத் திணிக்காதே.

பதில் 2:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நானும் இங்கே ஒரு சொராரிட்டியில் (பெண்களுக்கான ஃப்ரட்டர்னிட்டி மாதிரி) இருந்தவள்.

"டைட் பண்ணு" என்பதற்கு உங்க சீனியர்கள் மனதில் என்ன அர்த்தம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள். ராத்திரி தூங்கவிடாமல் வேலை வாங்குவது, வரிசையில் நிற்க வைத்துக் கத்துவது என்றால் அது ஹேஸிங், நம் ஊர் ராகிங் மாதிரி. டெக்சாஸ் சட்டத்தில் "அவனே சம்மதிச்சான்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. நேரில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஃபெடரல் சட்டப்படி, ஹேஸிங் விதிகளை மீறிய அமைப்புகளின் பெயரைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். எஜுகேட்டர் என்ற பதவியில் இருப்பது நீ, விசாவில் இருப்பதும் நீ. சீனியர் பேச்சைக் கேட்டு உன் தலையைக் கொடுக்காதே.

"கஷ்டப்பட்டு வந்தால்தான் மதிப்பு" என்பார்கள். ஸீட்டா பீட்டா டௌ என்ற ஃப்ரட்டர்னிட்டி 1989-லேயே ப்ளெட்ஜிங்கை (முழு மெம்பர் ஆவதற்கு முந்தைய சோதனைக் காலம்) எடுத்துவிட்டது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-ல் எடுத்தது. இரண்டும் இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இதைச் சொல்லி வாதாடு.

ஊரில் இருக்கும் பெற்றோரையும் மறந்துவிடாதே. ஃப்ரட்டர்னிட்டி என்றதுமே அவர்களுக்கு ராகிங்தான் நினைவுக்கு வரும். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையானதும், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அந்தத் தலைமுறை மறக்காத விஷயம். பையன் வீட்டுக்குச் சொல்லாமல் சேர்ந்து, அம்மா இன்ஸ்டாகிராமில் போட்டோ பார்த்து, அன்றைக்கே "உடனே விலகு" என்று போன் வரும். இப்படிப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. முதல் வாரத்தில் வீட்டில் சொல்லச் சொல். தேவைப்பட்டால் வீடியோ காலில் நீயே தமிழில் ரெண்டு வார்த்தை பேசு. "ஆன்ட்டி, நானும் கோயம்புத்தூர்தான்" என்றால் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கார் விஷயம் அப்படியே உண்மை. இன்னொண்ணு: ஒருத்தன் ஏற்கனவே "விலகிக்கிறேன்"னு மெசேஜ் போட்டுட்டான். பிரசிடெண்ட் அவனை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுப் பேசணும்னு சொல்றார். சரியா?

பதில் 1:

வேண்டாம். ஆறு பேர் எதிரே உட்கார்ந்து காரணம் கேட்டால் எவனும் உண்மை சொல்லமாட்டான். அவனுக்கு யாரைப் பிடிக்குமோ அந்த ஒருவனை மட்டும் அனுப்பு, ஒரு டீயோடு. "திரும்பி வா" என்று கெஞ்ச வேண்டாம், "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்கச் சொல். பணம், நேரம் என்றால் சரிசெய்யப் பார். இந்த இடமே பிடிக்கவில்லை என்றால் நல்லபடியாக அனுப்பிவை. அதுவரை யாரும் அவனை குரூப்மீ சாட்டிலிருந்து தூக்க வேண்டாம், அவனைப் பற்றி அங்கே கிண்டலும் வேண்டாம். மிச்சமிருக்கும் புதுப் பசங்க அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கட்டிய பணத்தில் திருப்பித் தரக்கூடியது ஏதாவது இருந்தால், அவன் கேட்பதற்கு முன் கொடுத்துவிடச் சொல்.