பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று கேட்ட மயக்க டாக்டர்

குலசேகரத்துக்காரி:
எனக்கு இரண்டு தடவை வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். முதல் தடவை கர்ப்பப்பைக் கட்டி. அன்று ராத்திரி முழுக்க வாந்தி, ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் பிய்ந்துவிடும் போலிருந்தது. முன்கூட்டி யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்தது குடல்வால். முந்தின நாளே வலி. கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். போதாக்குறைக்கு மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் வேறு. சாயங்காலம் வெடித்தேவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறேன், மயக்க டாக்டர் வந்து, "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? பஸ்ஸுல போனா வாந்தி வருமா?" என்கிறார். உயிர் போகிற நேரத்தில் பஸ் எதற்கு என்று எரிச்சல். ஆனால் பேச்சிப்பாறை பஸ்ஸில் ஏறும்போதே கவரைத் தேடுகிற ஆள் நான். அதையும் பழைய கதையையும் சொன்னேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். மரச்சீனி அப்படியே வெளியே வந்தது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தபோது லேசாகக் குமட்டியது. அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
பெண், புகை பிடிக்காதவர், பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்தவர், ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் மாதிரி வலிமருந்து தேவைப்படுபவர். இந்த நான்கும் சேர்ந்தால் ஆபரேஷன் முடிந்து வாந்தி வர வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம். (புகைப்பவருக்கு வாந்தி குறைவு என்று கேட்டதும் என் மச்சான் பீடிக்கே சர்டிபிகேட் கிடைத்த மாதிரி சிரித்தார்.) அப்படிப்பட்டவருக்கு ஒரே ஊசி போதாது. மயக்கம் கொடுத்ததும் டெக்ஸாமெத்தசோன், ஆபரேஷன் முடியப்போகும்போது ஒண்டான்செட்ரான் என்று வேறு வேறு வழியில் வேலை செய்கிற மருந்துகளைச் சேர்த்துப் போடுவார்கள். முதல் ஊசி சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். எமர்ஜென்சியில் வயிறு காலியாகக் காத்திருக்க நேரமில்லை. மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதனால்தான் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியும் குழாயும்.

குளச்சல்காரன்:
எங்க மாமாவுக்குக் குடல் அடைப்பு ஆபரேஷன். மூக்குக் குழாய் உறுத்துகிறது என்று ராத்திரி அவரே உருவிப் போட்டுவிட்டார். காலையில் வயிறு பானை மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி. மயக்க மருந்துதான் காரணம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், டாக்டர் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார். குடல் இன்னும் அசையவே ஆரம்பிக்கவில்லையாம். மறுபடியும் குழாய். இந்த முறை மைனி (அண்ணி) பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.