புதுப்பிப்பு: பரவூர் யூத அருங்காட்சியகம் போய் வந்தேன்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயத்தை (யூதர்கள் தொழும் இடம்) தவிர, கொச்சி யூதர்களைப் பற்றி அறிய வேறு எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கொச்சிக்கு அருகே உள்ள வடக்குப் பரவூரையும் சேந்தமங்கலத்தையும் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பரவூர் ஜெப ஆலயம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1950களில் இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கட்டடம் பாழடைந்தது. பிறகு கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். என்னைக் கட்டிப்போட்டது அதன் அமைப்புதான்: வாயில் மாளிகை, தூண்கள் தாங்கும் நீண்ட நடை, முன்கூடம், அப்புறம்தான் தொழுகைக் கூடம். ஓட்டுக்கூரையும் மரவேலையும் அசல் கேரளம். பெண்கள் தொழுகைக்கு உட்காரும் மாடத்துக்குத் தனிப் படிக்கட்டு. மாடியில், அந்த மாடத்துக்கு முன்னால், தோரா (யூதர்களின் வேதம்) வாசிக்க இரண்டாவது மேடை; கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய வழக்கம் இது. தோரா சுருள்கள் இருந்த பழைய பேழை இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். இங்கே இருப்பது நகல். அதன் முன் நின்றபோது மனசு கனத்தது.

சேந்தமங்கலம் பக்கத்திலேயே இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். அங்கே ஜெப ஆலய முற்றத்தில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த, சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக்கல்லைப் பார்க்கலாம். நேரம் இருந்தால் கைத்தறி வேட்டியும் வாங்குங்கள், ஊரே நெசவுக்குப் பேர்போனது.

மட்டாஞ்சேரியையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள். யூதர்களின் ஓய்வு நாளான சபாத் என்பதால் பரதேசி ஜெப ஆலயம் அன்று மூடியிருக்கும்.